இசக்கியின் கை

2023 ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருமுல்லைவாயிலில் இருக்கிற அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அடுப்பில் மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அக்கா மகன், பாலிடெக்னிக் முதல் வருஷம் படிக்கிறவன், போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இத்த பாரேன். நானே கட் பண்ணது."

இருபது செகண்டு இருக்கும். 'மாமன்னன்' படத்து ரத்னவேலு. ஃபகத் ஃபாசில் நடந்து வருகிறார், திரும்புகிறார், முறைக்கிறார். ஒவ்வொரு திரும்பலுக்கும் ஓர் அடி விழுகிற மாதிரி வெட்டியிருந்தான். தாளம் அரை பிரேம் கூடப் பிசகவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிறவன். அளவு பிசகாத வேலையைப் பார்த்தால் கை தானாகத் தட்டிக்கொடுக்கப் போகும். போனது. பாதியில்தான் காதில் விழுந்தது, அடியில் ஓடுகிற பாட்டு என்ன பாட்டு என்று. ஓர் ஆதிக்க சாதியின் பெருமையைப் பாடுகிற பாட்டு. குருபூஜை வண்டிகளில் கட்டிக்கொண்டு போவார்களே, அந்த ரகம்.

"டேய், இது இன்னா பாட்டுன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியும் மாமா. பாட்ட வுடு. பீட்ட பாரு. செம்ம மாஸா இருக்குல்ல?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியாமல் போனதைப் பற்றியது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக ரெண்டு வரி. மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' 2023 ஜூன் 29இல் வெளிவந்தது. மாமன்னன் ஒரு தனித்தொகுதி எம்.எல்.ஏ. வடிவேலு நடித்தார். சட்டமன்றத்தில் நாற்காலி உண்டு, கட்சித் தலைவன் வீட்டில் கிடையாது. நின்றுகொண்டே பேச வேண்டும். ரத்னவேலு அந்த வீட்டுக்காரன். பந்தயத்தில் தோற்ற தன் நாயை அடித்தே கொல்கிறவன். படம் முழுக்க அவன் எப்படிப்பட்டவன் என்று காட்டுவதற்காகவே எடுத்தது. ஆனால் ஜூலை 27இல் நெட்ஃப்ளிக்ஸில் படம் வந்த சில நாட்களிலேயே அவன் காட்சிகளை மட்டும் உருவியெடுத்து, தங்கள் தங்கள் சாதிப் பாட்டை அடியில் போட்டு, நூற்றுக்கணக்கில் சுற்றுக்கு விட்டார்கள். ஒரு சாதி இல்லை, பல சாதிக்காரர்கள். சாதிவெறியனை அம்மணமாக்கிக் காட்ட எடுத்த படத்திலிருந்து சாதிவெறியர்கள் தங்களுக்கு ஒரு நாயகனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை எங்கள் தெருப் பையனும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டுகிறான்.

எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து அக்கா குரல் வந்தது. "அவன ஏன்டா மொறைக்கிற? நீ மேடை ஏறி ஆடுனது மறந்துபூடுச்சா?"

மறக்கவில்லை.

1993 பொங்கல். எனக்குப் பத்து வயசு. 'தேவர் மகன்' 1992 தீபாவளிக்கு வந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே எனக்கு சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டிருந்தது. சாதாரணப் பைத்தியம் இல்லை. கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் டைட்டில் கார்டை எழுதி வைப்பேன். இயக்கம் பரதன், ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம், இசை இளையராஜா, திரைக்கதை கமல்ஹாசன். அந்தத் திரைக்கதை கம்ப்யூட்டரில் அதற்கென்று இருக்கிற மென்பொருளில் எழுதப்பட்டது என்று பிறகு படித்தபோது அப்படியொரு சந்தோஷம். படத்துக்கு ஐந்து தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டதையும் அந்த நோட்டில்தான் எழுதி வைத்தேன்.

எங்கள் தெருவில் பொங்கலுக்கு மறுநாள் மேடை போடுவார்கள். அம்பேத்கர் மன்றத்து அண்ணன்கள்தான் முன்னே நிற்பார்கள். மேடையின் பின்திரையில் கோட்டு போட்ட அம்பேத்கர் படம், கீழே சீரியல் லைட்டு. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, தோளில் துண்டு போட்டு, மையால் மீசை வரைந்துகொண்டு, அந்தப் பாட்டுக்கு நான் ஆடினேன். எந்தப் பாட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசில் பறந்தது. ஓர் அண்ணன் பத்து ரூபாய் நோட்டை என் சட்டையில் குத்தினார். என் அப்பா, எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர், கூட்டத்தின் பின்னால் நின்று அழுதார், சந்தோஷத்தில். அங்கிருந்த ஒருவருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சென்னைக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் அந்த சாதிப் பெயர் எங்கள் கழுத்துக்கு நேராக நிற்கிற கத்தி இல்லை. எங்களுக்கு வேறு சாதிகள், வேறு கத்திகள். அதனால் அது வெறும் பாட்டாக இருந்தது.

1995 கடைசியில் எங்கள் தெருவுக்குத் தெற்கேயிருந்து ஒருவர் வேலை தேடி வந்தார். அத்தை வழியில் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமன் முறை. கொடியங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்த வருஷம் ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து செய்த அட்டூழியத்தை இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அவர் எங்கள் வீட்டில் ஒரு மாசம் தங்கியிருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் ராத்திரி நான் டேப் ரிக்கார்டரில் அந்த கேசட்டைப் போட்டேன், அவருக்கும் பிடிக்கும் என்று நினைத்து. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, எச்சில் கையோடு பட்டனை அமுக்கி நிறுத்தினார். திட்டவில்லை. "இதப் போட்டுக்கிட்டுத்தான்டே எங்க தெருவுக்குள்ள வருவானுவ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை.

அந்த பட்டனில் குழம்புக் கறை ரொம்ப நாள் இருந்தது.

பிறகுதான் அந்தப் படத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அதில் இசக்கி என்று ஒருவன் வருவான். அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த வடிவேலு. பூட்டிக் கிடக்கிற கோயிலைச் சின்ன ஐயா திறக்கச் சொன்னார் என்று பூட்டை உடைக்கிறான். ஐயாவின் காதலி சாமி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கூலியாக இசக்கியின் கை போகிறது. இருக்கிற ஒரு கையையே எல்லாக் காரியத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டதே என்று அவன் நொந்துகொள்ளும்போது கொட்டகை பாதி சிரிக்கும், பாதி உச்சுக்கொட்டும். நானும் சிரித்திருக்கிறேன். மேடையில் ஆடியபோது நான் தேவர் மகனாக ஆடினேன். இசக்கியாக ஆட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. கதையில் நான் இருக்க வேண்டிய இடம் எது என்பதைக் கறை படிந்த பட்டன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இது எங்கள் தெருவுக்கு மட்டும் நடந்ததில்லை. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1965இல் கேம்பிரிட்ஜ் விவாதத்தில் இதையே சொன்னார். செவ்விந்தியர்களைக் கேரி கூப்பர் சுட்டுத் தள்ளும்போது கூப்பருக்காகக் கைதட்டுகிற கறுப்புக் குழந்தை, அந்தச் செவ்விந்தியன் தானேதான் என்று ஒருநாள் கண்டுகொள்கிற அதிர்ச்சியைப் பற்றி. அதற்கு முன்னாலேயே 1952இல் ஃபனான், டார்சான் படம் பார்க்கிற ஆண்டிலஸ் தீவுச் சிறுவனைப் பற்றி எழுதினார். சொந்த ஊர்க் கொட்டகையில் அவன் டார்சானின் கட்சி. ஐரோப்பாவில் வெள்ளையர்களுக்கு நடுவே அதே படத்தைப் பார்க்கும்போது சுற்றியிருக்கிறவர்கள் அவனைத் திரையிலிருக்கிற காட்டுவாசிகளோடு சேர்த்துவிடுகிறார்கள். படம் அதேதான், பக்கத்து சீட்டு மாறியிருக்கிறது. எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர் கொடியங்குளத்துப் பக்கத்து மாமா.

இனி கேள்விக்கு வருவோம். நம்மை இழிவுபடுத்துகிற, அல்லது நம்மை இழிவுபடுத்துகிறவனுக்கு ஆயுதமாகிற ஒரு கலையை நாம் ரசிக்கலாமா? இதற்கு எங்கள் வட்டாரத்தில் மூன்று பதில்கள் சொல்வார்கள்.

பார்க்காதே, கேட்காதே, தூக்கி எறி என்பது ஒன்று. நியாயமான பதில்தான், கடைப்பிடிக்கவும் பார்த்தேன். ஆனால் 65 பேர் நெருக்கியடிக்கிற பஸ்ஸில், பாடியிலிருந்து ஆவடி போகிற வழியில், டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டால் என் கால் தாளம் போடுகிறது. நான் போடுவதில்லை, அது போடுகிறது. அந்த மெட்டைப் போட்டது பண்ணைப்புரத்திலிருந்து வந்த கை என்பதை நினைக்கும்போது இன்னும் சிக்கலாகிறது. தான் நுழைய முடியாத கோயிலின் சாமி ஊர்வலத்துக்கு முன்னே பறையடித்துக்கொண்டு போனவர்களின் பேரன் நான். அடியின் நேர்த்தி எங்களுடையது, ஊர்வலம் அவர்களுடையது. எதை எறிவது?

கலை வேறு, அரசியல் வேறு என்பது இரண்டாவது. இதைச் சொல்கிறவர்களின் தெருவுக்குள் எந்தப் பாட்டும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்ததில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது பதில்தான் என்னை வெகுநாள் பிடித்து வைத்திருந்தது. சிறுபத்திரிகைகள் கற்றுக்கொடுத்த பதில் அது. பிரதியைத் தலைகீழாக வாசி, கட்டவிழ், ஓரத்தில் நிற்கிறவனை நடுவுக்குக் கொண்டு வா. நாயகனை விட்டுவிட்டு இசக்கியைப் பார். இதை வெறும் வாசிப்பாக நிறுத்தாமல் படமாகவே எடுத்துக் காட்டினார் மாரி செல்வராஜ். 2023 ஜூன் 1ஆம் தேதி பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் எதிரே உட்கார்ந்திருக்க, 'தேவர் மகன்' தன்னை எவ்வளவு அலைக்கழித்தது என்றும், அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்றும் சொன்னார். முப்பது வருஷம் கழித்து அதே வடிவேலு, அதே உடம்பு. கை போன வேலைக்காரன் சட்டமன்றத்தின் சபாநாயகர் நாற்காலியில் போய் உட்காருகிறான். இனவெறியைக் கொண்டாடி 1915இல் வந்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்துக்கு 1920இல் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் படம் எடுத்தே பதில் சொன்னார் என்று படித்திருக்கிறேன். எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த விழாப் பேச்சைப் போனில் மூன்று தடவை கேட்டேன்.

ரெண்டே மாசத்தில் ரத்னவேலு வெட்டுகள் வந்தன.

தலைகீழாக வாசிக்கிற உரிமை எனக்கு உண்டு என்றால் அவனுக்கும் உண்டுதானே? நான் தேவர் மகனை விட்டுவிட்டு இசக்கியை எடுத்தேன். அவன் மாமன்னனை விட்டுவிட்டு ரத்னவேலுவை எடுத்தான். வாசகன் சுதந்திரமானவன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினோமே, அந்தச் சுதந்திரம் அருவாளோடு வந்து நிற்கிறது. கொஞ்ச நாள் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

பதில், மருமகன் வெட்டிய அந்த இருபது செகண்டிலேயே இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். கேமரா எங்கே இருக்கிறது? கீழே. ஆள் எங்கே இருக்கிறான்? மேலே. தமிழ் சினிமாவில் 'மாஸ்' என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கீழிருந்து மேலே பார்க்கிற பார்வைதான். 'சின்ன கவுண்டர்' 1992, 'எஜமான்' 1993, 'நாட்டாமை' 1994. மூன்றையும் நான் கொட்டகையில் பார்த்துப் பழகியவன். திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாசலில், மண்ணில், கைகட்டி நிற்கிறவனின் கண் மட்டத்திலிருந்து அவரைப் பார்க்க வேண்டும். கொட்டகையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் அந்த மண்தரை. அங்கே நிற்கப் பழகிய கண்ணுக்கு, உயரத்தில் யார் வந்து நின்றாலும் எஜமான்தான். கதை அவனை நாயைக் கொல்கிறவன் என்று சொல்லும். சட்டகம் அவனை ஐயா என்று சொல்லிவிடும். ஆக, அந்தப் பையன்கள் எதையும் கட்டவிழ்க்கவில்லை. ஏற்கெனவே கட்டி வைத்திருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தலைகீழாக வாசிக்க மெனக்கெட வேண்டியிருந்தது நமக்கு மட்டும்தான். சாதி வெளியே சுவராக நிற்பதைவிட மனசுக்குள் நிற்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். மனசுக்குள் என்றால் கண்ணுக்குள்ளும்தான், காதுக்குள்ளும்தான்.

மாரி செல்வராஜைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த உயரத்தைத் தராமல் அந்தப் பயத்தைக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உயரத்தில் நம் ஆளை உட்கார வைத்துப் பார்ப்பதும் ஒரு சுகம்தான். 2016இல் 'கபாலி'யில் கோட்டைச் சரிசெய்துகொண்டு ரஜினி உட்கார்ந்தபோது விசிலடித்தவர்களில் நானும் ஒருவன், அதற்கு வருந்தவும் இல்லை. நூறு வருஷம் மண்ணில் நின்றவன் ஒரு வெள்ளிக்கிழமை திண்ணையில் உட்கார்ந்தால் குடி முழுகிவிடாது.

ஆனால் என்னை அசைத்துப் பார்த்தது வேறு படம். 2012இல் 'அட்டகத்தி'. ரஞ்சித் எங்கள் பக்கத்துக்காரர், ஆவடிக்கு அந்தப் பக்கம் கரலப்பாக்கம். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற பையன். பன்னிரண்டாவதில் இங்கிலீஷ் அரியர், டுடோரியல். காதலில் தோற்கிறான், வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுகிறான். அழ வேண்டிய இடத்தில் அவனுக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது. மாட்டுக்கறி அந்தப் படத்தில் அறிவிப்பாக வரவில்லை, சாப்பாடாக வருகிறது. கேமரா எங்கள் கண் மட்டத்தில் நின்றது. மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, பக்கத்தில். அதுவரை சினிமாவில் எங்கள் தெரு என்றால் கஞ்சா, கத்தி, குத்துப்பாட்டு. இதில் கத்தியே அட்டை. இன்டர்வெலில் வெளியே வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றபோது என் மூஞ்சியை யாராவது பார்க்கிறார்களோ என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள்ளே நடப்பதை யாரோ படம் பிடித்து வெளியே காட்டிவிட்ட மாதிரி. அது இழிவின் வெட்கம் இல்லை. அதற்கு இன்னும் எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

மருமகனுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். "ஸ்லோவா கீது மாமா" என்றான். அதையும் எழுதிவிடுவது நல்லது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. 'காலா'வுக்கு தாராவி செட் போட்டது அங்கேதான். எங்கள் பக்கத்திலிருந்து தச்சு வேலைக்கும் பெயிண்டு வேலைக்கும் லைட் தூக்கவும் ஆட்கள் போவார்கள். குடிசையிலிருந்து போய்க் குடிசை செட்டு போட்டுவிட்டுக் குடிசைக்கே திரும்பி வருவார்கள். 2020 பிப்ரவரி 19 ராத்திரி அதே இடத்தில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர், கலைப்பிரிவு உதவியாளர் ஒருவர், சாப்பாடு தருகிற பிரிவில் ஒருவர். கலையும் அரசியலும் பற்றி இவ்வளவு பேசுகிற நான், டைட்டில் கார்டை நோட்டில் எழுதி வைத்த நான், கார்டில் பேர் வராத இந்தக் கைகளைப் பற்றி அந்த ராத்திரி வரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை.

சரி, மருமகனிடம் என்ன சொன்னேன்?

கால் தாளம் போடுவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கால் என்னைக் கேட்டுக்கொண்டு போடுவதில்லை. ஆனால் அந்தக் காலைக் காட்டி, 'பார், ஒரு தலித்தே ரசிக்கிறான், கலைக்கு சாதி கிடையாது' என்று ஒருவர் வாதிட்டால், அதற்கு நான் சாட்சி நிற்க மாட்டேன். என் ரசனை எனக்குத் தெரியாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. அதை யாருக்காக, யார் முன்னால் எடுத்து வைக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே நடக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. என் அறையில் கேட்பது வேறு, கொடியங்குளத்துப் பக்கத்து மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போடுவது வேறு. அவர் இருக்கிற இடத்தில் போடக்கூடாது என்பது வரை எனக்குச் சந்தேகமில்லை. போன் வந்த பிறகு அவர் இல்லாத இடம் எது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இவ்வளவையும் இந்த பாஷையில் அவனிடம் சொல்லவில்லை. "நீ வெட்டுனது தப்புன்னு சொல்லலடா. நல்லாத்தான் வெட்டிக்கீற. ஆனா அத்த வெளிய போட்டியே, அது ஒலிபெருக்கி கட்டுன மாதிரி. அந்தப் பாட்ட வெச்சிக்கினு தெருவுக்குள்ள வர்றவன் கூட நீயும் வண்டில ஏறிக்கின" என்றேன். மாமா பட்டனை அமுக்கிய கதையையும் சொன்னேன். அவன் இதற்கு முன் கேட்டதில்லை. அக்காவும் குழம்புக் கரண்டியோடு வாசலில் நின்று கேட்டாள். அவளும் அன்றைக்கு அந்த வீட்டில்தான் இருந்தாள், ஆனால் அவர் ஏன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 'கொழம்பு புடிக்கலன்னு நெனச்சேன்' என்றாள்.

மருமகன் கொஞ்ச நேரம் போனையே தடவிக்கொண்டிருந்தான். எடுத்துவிட்டானா இல்லையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"பாட்ட மாத்திட்டு அந்த நடைய மட்டும் வெச்சிக்கினா?" என்று கேட்டான்.

"தெர்ல. மாத்திப் பாரு. அப்பவும் அவன் பெரிய ஆளாத்தான் தெரிவான்."

"அப்ப வடிவேலு நடக்கறத வெட்டவா?"

"வெட்டு."

"அதுல மாஸ் வராது மாமா. அவுரு நடந்தா அழுவதான் வருது." ஒரு நிமிஷம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டான். "நீ அந்த கேசட்ட இன்னும் வெச்சிக்கிறியா?"

"வெச்சிக்கிறேன்."

"தூக்கிப் போட்லயா?"

"போட்ல."

அக்கா தட்டு வைத்தாள்.